பச்சிளங்குழந்தையின் தைராய்டை அளக்க 25 மி.மீ. ஹாக்கி ஸ்டிக் புரோப்: நெல்லைப் பக்கம் யார் வாங்கலாம்?

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தோலின் மேல் வைத்துப் பார்க்கும் கருவிதான் புரோப், அதில் தலை மடங்கிய சின்ன வகை ஹாக்கி ஸ்டிக். பச்சிளங்குழந்தை ஐ.சி.யு. வைத்திருக்கும் மருத்துவமனை என்றால் அதைத் தயங்காமல் வாங்கலாம். எப்போதாவது ஒரு குழந்தை வந்துபோகும் ஸ்கேன் சென்டர் என்றால் வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் 38 மி.மீ. லீனியர் (நேரான முகம் கொண்ட) புரோபைக் குழந்தைக் கழுத்தில் எப்படிப் பிடிப்பது என்று பழகிக்கொண்டாலே போதும். அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ சென்டர் நடத்துகிறவர் இந்தச் சின்ன புரோபுக்குப் பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலில், இந்த அளவு எதற்கு? பிறவித் தைராய்டுக் குறைபாட்டைக் கண்டுபிடிப்பது ரத்தப் பரிசோதனைதான், ஸ்கேன் இல்லை. தொப்புள்கொடி ரத்தத்திலோ, பிறந்து 48 முதல் 72 மணி நேரத்துக்குள் குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தத்திலோ தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். அது கூடுதலாக வந்த பிறகு, காரணம் என்ன என்று தேடும் இடத்தில்தான் ஸ்கேன் வருகிறது. சுரப்பியே இல்லையா, இடம் மாறி நாக்கின் அடியில் நிற்கிறதா, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தும் சரியாகச் சுரக்கவில்லையா என்று பிரிக்க வேண்டும். கடைசி வகையில் சுரப்பி பெரும்பாலும் வீங்கியிருக்கும். ஹார்மோன் உற்பத்தியில் பிறவிக் கோளாறு உள்ள அந்த வகை பெரும்பாலும் பெற்றோர் இருவரிடமிருந்தும் சேர்ந்து வருவது. அத்தை மகன், மாமா மகள், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள் கட்டிக்கொடுக்கும் வழக்கம் இன்னும் விட்டுப்போகாத நம் சீமையில் இதை மறந்துவிட்டு ஸ்கேன் பார்க்கக் கூடாது. பெரியதா சின்னதா என்று சொல்ல வேண்டுமானால் ஆரோக்கியமான குழந்தைக்கு எவ்வளவு இருக்கும் என்ற அளவு கையில் வேண்டும். அந்த அளவைத் தப்பில்லாமல் எடுத்துத் தருகிறதா என்பதுதான் இந்த புரோபுக்கான சோதனை.

டி.எஸ்.எச். 40-ஐத் தாண்டியிருந்தால் உறுதிப்படுத்த ரத்தம் எடுத்துவிட்டு உடனே தைராய்டு ஹார்மோன் மாத்திரையான லெவோதைராக்சினை ஆரம்பித்துவிட வேண்டும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம். ஸ்கேனுக்காக மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது. இதைச் சொல்லிவிட்டுத்தான் புரோபைப் பற்றிப் பேச முடியும்.

பொருளுக்கு வருவோம். தலை மடங்கிய சிறிய லீனியர் புரோப். தோலில் படும் முகத்தின் நீளம் சுமார் 25 மி.மீ. அதிர்வெண் கம்பெனியையும் மாடலையும் பொறுத்து 13, 15, 18 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். குழந்தைக்குத் தைராய்டு தோலுக்கு அடியில் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடுவதால் உயர் அதிர்வெண் இங்கே முழுப் பலன் தருகிறது. சுரப்பியின் ஓரம் கழுத்துத் தசையிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரியும். எடையும் குறைவு. சுண்டுவிரலைக் குழந்தையின் மார்பில் ஊன்றிக்கொண்டு பேனா பிடிப்பதுபோல் பிடித்தால் கழுத்தில் பாரம் ஏறாது.

பாரம் ஏறாதது ஏன் முக்கியம் என்பதைக் கணக்கிலேயே பார்க்கலாம். தைராய்டுக்கு இடமும் வலமும் உள்ள இரண்டு மடல்களில் ஒன்றின் அகலம் 0.9, ஆழம் 0.9, நீளம் 1.9 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கி, மடலின் உருண்டை வடிவத்துக்கான எண்ணாகிய 0.479-ஆல் பெருக்கினால் 0.74 மி.லி. புரோபைச் சற்று அழுத்தியதில் ஆழம் 1 மி.மீ. குறைந்து 0.8 ஆகிவிட்டால் விடை 0.66. கீழ்முனை சரியாகத் தெரியாமல் நீளத்தையும் 1.5 என்று எடுத்துவிட்டால் 0.52. அதே குழந்தை, அதே சுரப்பி, முப்பது சதவீதம் காணாமல் போய்விட்டது. பெரியவர்கள் கழுத்தில் 1 மி.மீ. ஒரு பொருட்டே இல்லை. இங்கே அதுவே ரிப்போர்ட்டின் தலையெழுத்தை மாற்றிவிடும்.

நீளம் குறைவதுதான் 38 மி.மீ. புரோபின் பெரிய குறை. குழந்தைக்குக் கழுத்து என்று தனியாக ஒன்று இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். நெடுக்காக வைத்தால் ஒரு முனை தாடையில் இடிக்கும், மறு முனை காரை எலும்பில் ஏறி நிற்கும். ஏறிய இடத்தில் காற்று புகுந்து படம் கறுத்துப்போகும். கறுத்த இடத்தில்தான் சுரப்பியின் கீழ்முனை இருக்கும். 25 மி.மீ. முகம் இந்தப் பள்ளத்துக்குள் முழுதாக உட்கார்ந்துவிடுகிறது. காசு கொடுத்து வாங்குவதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல முடியும்.

இரண்டாவது பலன் தாடைக்கு அடியில். கழுத்தில் சுரப்பியைக் காணவில்லை என்றால் அதோடு எழுந்துவிடக் கூடாது. தாடைக்குக் கீழே வைத்து நாக்கின் அடிப்பகுதி வரை தேட வேண்டும். அந்தக் குறுகிய இடத்தில் பெரிய புரோப் திரும்பவே திரும்பாது. இது தாராளமாகத் திரும்பும். ஆனாலும் இடம் மாறிய சுரப்பியை அல்ட்ராசவுண்ட் தவறவிடுவது உண்டு. கதிரியக்க மருந்தைச் சிறிதளவு ஊசியில் செலுத்தி, சுரப்பி அதை இழுப்பதைப் படமெடுக்கும் டெக்னீஷியம் ஸ்கேன்தான் அதில் கெட்டி. அதை மாத்திரை தொடங்கிய சில நாட்களுக்குள்ளேயே எடுத்துவிட வேண்டும். நாள் கடந்தால் டி.எஸ்.எச். இறங்கி, இருக்கும் சுரப்பியும் மருந்தை இழுக்காமல் இல்லாததுபோல் காட்டும்.

அளக்கும் முறை எந்த புரோபானாலும் ஒன்றுதான். பால் குடித்த கையோடு படுக்க வைக்காதீர்கள். தலை பின்னால் சாய்ந்திருக்கும்போது கக்கினால் புரையேறும். ஏப்பம் விட வைத்து, சற்று நேரம் கழித்துத் தூக்கத்தில் பார்ப்பது நல்லது. தோளுக்கு அடியில் ஒரு சின்னத் துண்டைச் சுருட்டி வைத்தால் கழுத்து தேவையான அளவு நீளும். அதற்கு மேல் சாய்த்தால் மூச்சுக்குத் திணறும், சுரப்பியும் தட்டையாகும். ஏ.சி. அறையில் கிடந்த ஜெல்லை அப்படியே வைத்தால் குழந்தை வீறிட்டு எழுந்துவிடும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி, உங்கள் மணிக்கட்டில் தொட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள். கூடவே வந்திருக்கும் ஆச்சி, "பச்சப்புள்ள கழுத்துல என்னத்தம்மா வைக்கிய?" என்று கேட்காமல் விடமாட்டார். இதில் கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை என்று பதில் சொல்லி அவரையே குழந்தையின் தலைமாட்டில் நிற்க வைத்தால் வேலை சுலபம்.

மெஷினில் தைராய்டு என்று முன்கூட்டியே அமைத்து வைத்திருக்கும் ப்ரீசெட் பெரியவர்களுக்கானது. ஆழம் 4 செ.மீ. என்றால் அதை 2 அல்லது 2.5-க்குக் கொண்டுவாருங்கள். ஃபோகஸை 1 செ.மீ.யில் நிறுத்துங்கள். குறுக்குவெட்டில் ஒரு மடல் மிகப் பெரிதாகத் தெரியும் இடத்தில் அகலமும் ஆழமும். இரண்டு மடல்களையும் இணைக்கும் நடுப்பாலத்தை அகலத்தில் சேர்க்கக் கூடாது. பிறகு புரோபை நெடுக்காகத் திருப்புங்கள், ஆனால் நேர்செங்குத்தாக வேண்டாம். மடலின் மேல்முனை சற்று வெளிப்பக்கமும் கீழ்முனை உள்பக்கமும் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்விலேயே பிடித்தால்தான் முழு நீளம் கிடைக்கும். குழந்தை விழுங்கும்போது சுரப்பி மேலும் கீழும் ஓடும். திரையில் படத்தை உறைய வைத்த பிறகு, மெஷின் சேமித்திருக்கும் முந்தைய படங்களின் வரிசையில் (சினிலூப்) பின்னால் போய், ஓட்டம் இல்லாத படத்தில் அளக்க வேண்டும். ஒவ்வோர் அளவையும் மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள். தோலுக்கும் புரோபுக்கும் நடுவே ஜெல் படலம் ஒன்று கறுப்புக் கோடாகத் தெரிந்துகொண்டே இருந்தால் நீங்கள் அழுத்தவில்லை என்று அர்த்தம். இந்த ஒரு பழக்கம் 38 மி.மீ. புரோபிலும் பாதிப் பிழையைத் தீர்த்துவிடும்.

இனி குறைகள். ஒரு மடல் 0.9 செ.மீ. அகலம் என்றால் இரண்டு மடலும் நடுவிலுள்ள மூச்சுக்குழாயும் சேர்ந்து இரண்டரை செ.மீ.க்குச் சற்று மேலேயே வந்துவிடும். ஆக இந்த புரோபில் இரண்டு மடலையும் ஒரே படத்தில் காட்டுவது கஷ்டம். ஒவ்வொரு பக்கமாகத்தான் எடுக்க வேண்டும். இடமும் வலமும் ஒத்துப் பார்க்கிற சௌகரியம் போய்விடுகிறது. வீங்கிய சுரப்பி என்றால் நீளமே 25 மி.மீ.யைத் தாண்டும், இந்த புரோப் அங்கே தோற்றுவிடும். சில மெஷின்களில் படத்தை ஓரங்களில் விரித்துக் காட்டும் வசதி இருக்கிறது, அது ஓரளவு சமாளிக்கும். இரண்டு பாதியாக எடுத்துத் திரையில் ஒட்டி அளப்பதை நம்ப வேண்டாம். அசையும் குழந்தையில் ஒட்டு ஒருபோதும் சேராது. அதனால் இதை வாங்குகிறவரும் 38-ஐ ஓரங்கட்ட முடியாது. முதலில் 38-இல் மொத்தக் கழுத்தையும் பார்த்துவிட்டு, அளவுக்கு மட்டும் 25-க்கு வருவதுதான் சரியான வரிசை.

எந்த புரோபும் தீர்க்காத பிழைகளும் இருக்கின்றன. சுரப்பி இல்லாத குழந்தையில் மூச்சுக்குழாயின் இருபுறமும் இருக்கும் வெண்மையான திசுவைச் சின்னத் தைராய்டு என்று அளந்து, 0.3 மி.லி. என்று எழுதிவிடுவார்கள். கலர் டாப்ளர் போட்டு ரத்த ஓட்டம் பார்க்க வேண்டும், பக்கத்துத் தசையோடு வெண்மையை ஒப்பிட வேண்டும். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி கழுத்துக்குள் ஏறி நிற்பது குழந்தைகளில் சகஜம். கறுத்த பின்னணியில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிவது தைமஸ், ஒரே சீராக வெளுத்துத் தெரிவது தைராய்டு. இடது மடலுக்குப் பின்னால் கட்டிபோல் ஒன்று தெரிந்தால் உணவுக்குழாயாக இருக்கும். குழந்தை எச்சில் விழுங்கும்வரை காத்திருந்தால் உள்ளே காற்று ஓடுவது தெரிந்துவிடும்.

எண்ணைப் படிப்பதில்தான் மிகப் பெரிய சிக்கல். ஸ்காட்லாந்தில் 100 ஆரோக்கியமான குழந்தைகளை அளந்து 2002-இல் வெளியான ஆய்வில் இரு மடல்களும் சேர்ந்த சராசரி சுமார் 1.6 மி.லி., வீச்சு 0.7 முதல் 3.3 வரை. வேறு நாடுகளில் சராசரியே 1 மி.லி.க்குக் கீழே வந்த ஆய்வுகளும் உண்டு. தாய்க்குக் கிடைக்கும் அயோடின், குழந்தையின் எடை, அளக்கும் கை, சூத்திரம் எல்லாமே இதில் கலந்திருக்கின்றன. 0.479-க்குப் பதிலாக உங்கள் மெஷின் 0.524 என்ற எண்ணை வைத்திருந்தால் மேலே சொன்ன 0.74 அப்படியே 0.81 ஆகிவிடும். செட்டிங்கில் போய் எது இருக்கிறது என்று பாருங்கள். ரிப்போர்ட்டில் மூன்று அளவுகளையும் சூத்திரத்தையும் எழுதாமல் "நார்மல் சைஸ்" என்று மட்டும் எழுதினால், அதை வைத்துக்கொண்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவர் ஒன்றும் செய்ய முடியாது. குழந்தையின் எடை, பிறந்து எத்தனை நாள், சிசேரியனுக்கு முன்போ தொப்புளிலோ போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தடவினார்களா என்பதையும் கேட்டு எழுதுவது நல்லது. அந்த அயோடினே டி.எஸ்.எச்.ஐத் தற்காலிகமாக ஏற்றிவிடும்.

நம் ஊர்க் குழந்தைகளுக்கென்று அளவு வேண்டும் என்பவர்கள், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, மாதம் நிறைந்து பிறந்த, டி.எஸ்.எச். சரியாக உள்ள குழந்தைகளை ஒரே புரோப், ஒரே சூத்திரத்தில் அளந்து சேர்க்க வேண்டும். இந்த புரோபுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது.

வாங்கும்போது உங்கள் மெஷினின் சரியான மாடல் எண்ணுக்கு இந்த புரோப் ஏற்குமா, சாஃப்ட்வேர் உரிமம் தனிக் காசா என்று எழுத்தில் கேளுங்கள். கனெக்டர் பொருந்துவது மட்டும் போதாது. பழைய புரோப் என்றால் ஜெல் இல்லாமல், வளைத்த ஜெம் கிளிப்பின் ஓரத்தை முகத்தின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்துங்கள். திரையில் கோடுகள் கூடவே ஓடிவர வேண்டும். எங்காவது மங்கினால் அந்த இடத்தில் ஒலியை அனுப்பி வாங்கும் படிகம் செத்திருக்கிறது. 25 மி.மீ. முகத்தில் நாலைந்து செத்தாலும் சுரப்பியின் ஒரு துண்டு போய்விடும். கீழே விழுந்து வந்த புரோப்தான் பெரும்பாலும் இப்படி இருக்கும். கேபிள் மெல்லியது, தலைக்கும் கேபிளுக்கும் இடைப்பட்ட மூட்டில்தான் முதலில் கிழியும். கொக்கியில் கேபிளை இறுகச் சுற்றி மாட்ட வேண்டாம். துடைக்க ஸ்பிரிட்டா வேறு திரவமா என்பதை கம்பெனிப் புத்தகத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். சில புரோப்களின் ரப்பர் முகம் ஸ்பிரிட்டில் வெடித்துவிடும். ஐ.சி.யு. குழந்தைக்கு 5 லிட்டர் கேனிலிருந்து நிரப்பிய பாட்டில் ஜெல் கூடாது. ஜெல் வழியாகக் கிருமி பரவிய சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஒருமுறை பயன்படுத்தும் ஸ்டெரைல் பாக்கெட்தான் சரி.

புரோப் சட்டைப்பையில் அடங்கும் அளவுக்குச் சின்னது, மெஷினும் கையடக்கம் என்பதற்காக, காலையில் அம்பாசமுத்திரத்தில் ஒரு நர்சிங் ஹோம், மாலையில் சங்கரன்கோவிலில் இன்னொன்று என்று தூக்கிக்கொண்டு போக, கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் இடம் தராது. பார்க்கப்போவது பிறந்த குழந்தையின் கழுத்தாகவே இருந்தாலும் மெஷின் எந்த வளாகத்துக்குப் பதிவாகியிருக்கிறதோ அங்கேதான் ஓட வேண்டும். அதே வளாகத்துக்குள் வார்மரில் (சூடூட்டும் படுக்கையில்) கிடக்கும் குழந்தையின் பக்கத்துக்கே உருட்டிக்கொண்டு போவதில் தடை இல்லை. குழந்தையை அசைக்காமல், சூடு இறங்காமல் பார்ப்பதற்கு அதுவே வசதி.