பழைய மின்சார மிக்சர் வாங்குபவர்கள் கவனத்திற்கு: என் 1,150 ரிங்கிட் போன கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறினால் "போகட்டும் விடு" என்று வீட்டில் வாயை அடைத்துவிடுவார்கள். கண்ணாடிக் கிண்ணம், கண்ணாடி ஜாடி வைத்த பழைய மின்சாரச் சமையல் சாமான்கள் சேர்ப்பது என் பைத்தியம். அவற்றில் பாதி, பினாங்கின் பழஞ்சாமான் சந்தையான லோரோங் கூலிட்டில் பேரம் பேசி வாங்கியவை, அங்கே ஒருவரும் என்னிடம் இப்படிப் புளுகியதில்லை. என்னை ஏமாற்றிய இந்த மகராசன் கோலாலம்பூரில் பழஞ்சாமான் கடை வைத்து இணைய விற்பனை ஆப்பிலும் விற்கிறவர்.

சாமான், ஐம்பதுகளின் சன்பீம் மிக்ஸ்மாஸ்டர், அதாவது கேக் மாவு அடிக்கும் மிக்சர், பெரிதும் சிறிதுமாக இரண்டு பால்வெள்ளைக் கண்ணாடிக் கிண்ணங்களோடு. அமெரிக்காவில் 1930-இல் வந்த மிக்சர் இது. அந்த ஊருக்கென்று செய்தவை நம் 240 வோல்ட்டைத் தாங்காது, ஆஸ்திரேலியாவில் செய்தவை தாங்கும். அதனால் விலை பேசுவதற்கு முன்பே அதைத்தான் கேட்டேன். வோல்ட் பொறித்த அடித் தகட்டைப் படமெடுத்து அனுப்பினார், 240 என்று பளிச்சென்று தெரிந்தது. மிஷின் ஓடுகிற வீடியோவும் வந்தது. அப்புறம் ஒரு குரல் பதிவு: "க்கா, இது ஆஸ்திரேலியா பீஸு. எங்கம்மா தீபாவளிக்கு இதுலதான் கேக் அடிப்பாங்க. நம்ம ஆளுங்ககிட்ட பொய் சொல்லிட்டு நான் எங்க போகப் போறேன்?" அம்மாவை இழுத்துச் சொன்னால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? ஆப் வழியாக வேண்டாம், கமிஷன் பிடிப்பார்கள், நேராக பேங்கில் போட்டால் ஐம்பது ரிங்கிட் குறைக்கிறேன் என்றார். 1,150 ரிங்கிட் போட்டேன்.

பெட்டியைப் பிரித்ததும் கண்ணில் பட்டது ஒயர். விறைத்துப்போய் அங்கங்கே வெடித்த பழுப்பு ஒயர், அதன் நுனியில் நேற்றுக் கடையில் வாங்கிய மாதிரி வெள்ளை வெளேரென்று மூன்று முள் பிளக். கவிழ்த்துத் தகட்டைப் பார்த்தால் 115 வோல்ட், சிகாகோ! படத்தில் காட்டிய தகடு வேறு ஏதோ மிஷினுடையது. அப்படியே சுவரில் செருகியிருந்தால் புகைதான்.

மச்சான் எலக்ட்ரிக் வேலை செய்கிறவர், வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டிப் பார்த்தார். ஓடியது. அந்த வீடியோவையும் இப்படித்தான் எடுத்திருக்க வேண்டும், ஒயர் மேசைக்கு அடியில் போய் மறைவதோடு சரி. ஆனால் பெரிய கிண்ணம் அசையவே இல்லை. இந்த மிக்சரில் கிண்ணத்துக்கென்று தனி மோட்டார் கிடையாது, கடைகிற கம்பி கிண்ணத்தில் உரசித்தான் தட்டோடு அதைச் சுழற்றும், அளவு மாறினால் சும்மா நிற்கும். சின்னதின் அடியில் சன்பீமுக்குக் கிண்ணம் செய்த கிளாஸ்பேக் கம்பெனி முத்திரை இருக்கிறது, பெரியதன் அடி மொட்டை. ஏதோ ஒரு வெள்ளைக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்து ஜோடி என்று தள்ளிவிட்டிருக்கிறார்.

கேட்டதற்கு முதல் பதில், "கூரியர்ல மாறியிருக்கும்க்கா." கூரியர்காரன் பெட்டியைப் பிரித்துத் தகட்டை மாற்றினானா? அடுத்தது, "ஷோகேஸ்ல வைக்கத்தானே வாங்குனீங்க, ஓடினா என்ன ஓடாட்டி என்ன?" பிறகு, மனைவிக்கு உடம்பு சரியில்லை, வெளியூரில் இருக்கிறேன், வெள்ளிக்கிழமை பேசலாம். வெள்ளிக்கிழமை வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டார். ஆப்காரர்களைக் கேட்டால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று நாலு வரி. 1,150 ரிங்கிட்டுக்கு நாலு வரி.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது கை நடுங்குகிறது. சுருக்கமாக: தகட்டில் தொடங்கி முழு மிஷினுக்கும் வெட்டாமல் ஒரே வீடியோவாகக் கேளுங்கள், பிளக் சுவரில் செருகியிருப்பதும் அதிலேயே தெரிய வேண்டும். கிண்ணத்தின் அடியைப் பாருங்கள். பிளக் புதிது, ஒயர் பழையது என்றால் செருகவே செருகாதீர்கள். ஆப்புக்கு வெளியே காசு வேண்டாம்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப்போட 5 ரிங்கிட்தான், 50,000 வரை கேட்கலாம். நான் போடப் போகிறேன். கடைப் பெயரை இங்கே கேட்காதீர்கள், தீர்ப்பு வரும்வரை சொல்லமாட்டேன். இதே குரல் பதிவு வேறு யாருக்காவது வந்திருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள், எனக்குத் தேவைப்படும்.