ஜெபத்தில் முக்காடு: போட்டும் போடாமலும் பார்த்தவள் சொல்வது

கல்யாணமான முதல் ஞாயிறு ஆராதனைக்குக் கிளம்பும்போது மாமி ஓர் ஊக்கை நீட்டினார்கள். "பட்டு தலையில நிக்காது மக்களே, இதக் குத்திக்கோ." நான் வளர்ந்தது நாகர்கோவில் பக்கம், ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில். அங்கே பாட்டிமார் ஆராதனை முடியும்வரை தலையை மூடியிருப்பார்கள். அம்மா வயதுக்காரர்கள் திருவிருந்துக்கு முழங்கால் போடும்போது மட்டும் முந்தியை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். எங்கள் வயதில் அதைக் கண்டுகொள்வாரில்லை. இருபத்தாறு வருஷம் மூடாமல் ஜெபித்தேன், அப்புறம் பதினோரு வருஷமாக மூடித்தான். இப்போது நான் முக்காடு பக்கம். ஆனால் மாமியார் வீட்டுச் சபையில் அது கட்டாயம் என்பதற்காக இல்லை.

வசதியைப் பற்றிப் பேசவே வேண்டாம். காட்டன் சேலை நிற்கும், பட்டு வழுக்கும், சுடிதார் ஷால் இரண்டு தடவை கைதட்டினால் தோளுக்கு வந்துவிடும். மே மாதத்தில் கரண்ட் போனால் மூடாதவள் பாக்கியவதி.

இந்தப் பேச்சுக்கெல்லாம் மூலம், கிரேக்க நாட்டின் கொரிந்து ஊர்ச் சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் 11-ஆம் அதிகாரம். ஜெபிக்கும்போது பெண் தலையை மூடவேண்டும், ஆண் மூடக்கூடாது என்கிறது அது. மூடத் தேவையில்லை என்பவர்கள் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, அது கொரிந்து ஊர் வழக்கம் என்பது. இதில் விஷயம் இருக்கிறது. கொரிந்து, கி.மு. 44-இல் ரோமர்கள் புதுப்பித்துக் குடியேறிய ஊர். ரோமர்களில் ஆண்களும் பலி செலுத்தும்போது மேலாடையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வார்கள். அகஸ்து ராயன் அப்படி நிற்கும் சிலையே அந்த ஊரில் கிடைத்திருக்கிறது. அங்கே போய் பவுல் ஆண்களை மூடாதே என்கிறார் என்றால், ஊர் வழக்கம் அவர் மனதில் இல்லாமல் இருந்திருக்காது. ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, கூந்தலே முக்காடு என்கிற 15-ஆம் வசனம். இது எனக்குச் சரியாகப் படவில்லை. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் 6-ஆம் வசனத்திலும் 15-ஆம் வசனத்திலும் ஒரே 'முக்காடு' வருவதால்தான் இந்தக் குழப்பம். கிரேக்கத்தில் இரண்டும் வேறு வேறு சொற்கள். பின்னது சுற்றிப் போர்த்தும் மேலாடையைக் குறிப்பது. முக்காடு என்பது கூந்தல்தான் என்றால், முக்காடு போடாதவள் முடியையும் கத்தரித்துப் போடட்டும் என்கிற 6-ஆம் வசனத்துக்குப் பொருளே இல்லையே. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன், கொரிந்து சபையின் கன்னிப்பெண்கள் தம் காலத்திலும் முக்காடிடுவதைச் சாட்சியாகக் காட்டுகிறார். கடிதம் வந்த ஊர்க்காரர்களே துணி என்றுதான் புரிந்துவைத்திருந்தார்கள்.

கத்தோலிக்கத் தோழிகளுக்கு இது முடிந்த கதை. 1917-ஆம் ஆண்டு திருச்சபைச் சட்டம் பெண்கள் கோயிலில் தலையை மூடச் சொன்னது, 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை.

துணி என்றாலே அடிமைத்தனம் என்று ஒருத்தி வாதாடினாள். எங்கள் தெற்குத் திருவிதாங்கூரில் தோளில் ஒரு சீலை போடுவதற்காகக் கிறிஸ்தவப் பெண்கள் அடிபட்டார்கள். 1859-இல்தான் அதை அனுமதித்து அரச அறிவிப்பு வந்தது. அந்த ஊரில் பிறந்த நான் துணியை அவ்வளவு லேசாகக் குறைசொல்ல மாட்டேன்.

சரி, என்னை ஒரு பக்கம் சாய்த்தது 5-ஆம் வசனம். சபை நடுவே சத்தமாக ஜெபம்பண்ணுகிற, தீர்க்கதரிசனம் சொல்கிற பெண்ணைப் பற்றியது அது. அவள் வாயைத் திறக்கலாமா என்று பவுல் அங்கே கேட்கவே இல்லை. திறப்பாள் என்று வைத்துக்கொண்டுதான் தலையைப் பற்றிப் பேசுகிறார். 10-ஆம் வசனத்தில் தமிழ் 'முக்காடிட்டுக்கொள்ளவேண்டும்' என்கிறது. கிரேக்கத்தில் அந்த இடத்தில் துணியே இல்லை. தலையின்மேல் 'அதிகாரம்' உடையவளாக இருக்கவேண்டும் என்றுதான் இருக்கிறது. யாருடைய அதிகாரம் என்பதில் பண்டிதர்களுக்குள் சண்டை. அதே கடிதத்தின் 9-ஆம் அதிகாரத்தில் 'புசிக்கவும் குடிக்கவும் எங்களுக்கு அதிகாரமில்லையா' என்று பவுல் தன் உரிமையைக் கேட்பதும் அதே சொல்லால்தான். ஆகவே அவளுடைய அதிகாரம் என்றே படிக்கிறேன். 14-ஆம் அதிகாரத்தில் பெண்கள் பேசக்கூடாதென்று வருகிறதே என்றால், அதையும் இதையும் பொருத்திக்காட்ட எனக்குப் படிப்பு போதாது.

மாமியார் வீட்டுச் சபையில் முக்காடு கட்டாயம், ஆனால் பெண்கள் வாய் திறப்பது ஆமென் சொல்ல மட்டும். ஒரு கூட்டத்தில், பக்கத்து வீட்டுக் குழந்தை ஆஸ்பத்திரியில் கிடக்கிறது, யாராவது ஜெபியுங்கள் என்றார்கள். யாரும் ஆரம்பிக்கவில்லை. நான் ஆரம்பித்தேன். 'ஆண்டவரே, அந்தப் பிள்ளை' என்பதற்குள் மூப்பர் ஒருவர் பாட்டை எடுத்துவிட்டார், சபை முழுக்கச் சேர்ந்துகொண்டது. என் தலை மூடித்தான் இருந்தது, ஊக்குகூட அசையவில்லை.

சி.எஸ்.ஐ.யில் நேர்மாறு. 1976 முதல் பெண்கள் குருப்பட்டம் பெறுகிறார்கள், 2013-இல் நந்தியாலில் ஒரு பெண் பேராயரே ஆனார். அங்கே பேச்சுக்குத் தடையில்லை, தலையை யாரும் பார்ப்பதுமில்லை. ஆளுக்குப் பாதி வசனம். பெந்தெகொஸ்தே கன்வென்ஷன்களில் வெள்ளைச் சேலை முக்காட்டோடு பெண்கள் உரக்க ஜெபிப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கேதான் இரண்டும் சேர்ந்திருக்கிறதோ என்னவோ. உள்ளே இருந்து பழகியதில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

நாலு வருஷமாக நாங்கள் திரும்ப சி.எஸ்.ஐ.யில்தான். பிரசங்கம் கேட்கும்போது முந்தி தோளில்தான் கிடக்கும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நான் ஜெபிக்கும் முறை வந்தால் எழுந்து, தலையில் போட்டு, குத்திக்கொண்டு, அப்புறம்தான் வாயைத் திறப்பேன். அந்த ஐந்து விநாடியில் யாரிடம் பேசப் போகிறேன் என்பது உறைத்துவிடுகிறது. அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டே செய்யும் ஜெபத்துக்கு மூடுவதில்லை. இது முரண்தானே என்றால், கொஞ்சம் முரண்தான்.

போன மாதம் மாமி வந்திருந்தபோது சங்கத்துக்குக் கூட்டிப்போனேன். அன்று என் முறை. பத்து நிமிஷம் சத்தமாகவே ஜெபித்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் மாமி பேசவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னார்கள்: "ஊக்கு ஒரு பக்கமா சாஞ்சிருந்துது மக்களே."