தனியாக வடிவமைத்துத் தரும் கைக்கடிகாரம்: பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

என் தந்தையாரின் எழுபதாம் வயதுச் சடங்கான பீமரத சாந்திக்கு, தமிழ் எண்கள் எழுதிய டயலுடன் சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் ஒன்றைச் செய்வித்துப் பரிசளிக்க விரும்பி, அப்படி வடிவமைத்துத் தருவதாக இணையத்தில் விளம்பரம் செய்துவந்த ஒரு பட்டறையிடம் 1,80,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். அவர்கள் இன்றும் ஆர்டர் எடுத்துக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

அவர்கள் வாக்களித்தவை இரண்டு: ஸ்விட்சர்லாந்தின் ஈட்டா நிறுவனத்து யூனிடாஸ் 6497-1 மூவ்மென்ட் (கடிகாரத்தை ஓட்டும் உள் இயந்திரம்), செம்புத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளைப் பரப்பி, 800 டிகிரி அளவிலான வெப்பத்தில் பலமுறை சுட்டெடுத்த எனாமல் டயல். குறிப்பாக 6497-1ஐக் கேட்டவன் நான்தான். அது மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு ஐந்து முறை துடிக்கும். பல ஆண்டுகள் எச்எம்டி ஜனதா கட்டியிருந்த அப்பாவின் காதுக்கு அந்த நிதானம் பிடிக்கும் என்று எண்ணினேன்.

முழுத் தொகையையும் முன்னதாகவே வாங்கிக்கொண்டார்கள். ஐந்து மாதம் என்றது பதினான்கு மாதமாயிற்று, விழாவும் முடிந்துவிட்டது. இடையில் அனுப்பிய படங்களில் ஒன்றில்கூட என் டயல் இல்லை என்பதை நான் அப்போது பொருட்படுத்தவில்லை.

கடிகாரம் வந்ததும் காதருகே வைத்துக் கேட்ட அப்பா, “சத்தம் வேகமா இருக்கேப்பா” என்றார். நேரம் சரியாகத்தான் காட்டியது. எங்கள் ஊரில் நாற்பது ஆண்டுகளாகக் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன்; அவருடைய சோதனைக் கருவி மணிக்கு 21,600 துடிப்பு என்று காட்டியது. பின்மூடியைக் கழற்றியபோது, முன்னும் பின்னும் ஆடித் துடிப்பைத் தரும் பேலன்ஸ் வீலின் அடியில் இருக்க வேண்டிய ஈட்டா முத்திரையும் எண்ணும் இல்லை. உள்ளே இருந்தது சீனாவில் தயாராகும் யூனிடாஸ் நகல். அந்த நகல் மட்டமான பொருளன்று. உள்ளதைச் சொல்லி, அதற்குரிய குறைந்த விலைக்கு விற்றிருந்தால் நானே மனமுவந்து வாங்கியிருப்பேன்.

டயலைப் பார்த்தபோதுதான் மனம் உடைந்தது. விளிம்பில் பெயின்ட் பெயர்ந்து பித்தளை தெரிந்தது. செம்பும் இல்லை, எனாமலும் இல்லை. கையால் எழுதுவதாகச் சொன்ன எண்கள் வெறும் அச்சு. நான் வரைந்து அனுப்பியிருந்தும், பத்தைக் குறிக்கும் ௰ வர வேண்டிய மூன்று இடங்களிலும் ‘ய’ என்ற எழுத்தைப் போட்டிருந்தார்கள்.

இத்தகைய கடிகாரத்துக்கு ஆர்டர் கொடுப்பவர்கள் மூவ்மென்டின் பெயரையும் எண்ணையும், டயல் செய்யப்படும் முறையையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். பின்மூடியை மூடுவதற்கு முன், பேலன்ஸ் வீலின் அடிப்பகுதி தெளிவாகத் தெரியும் படத்தைப் பார்த்த பிறகே கடைசித் தவணையைச் செலுத்துங்கள்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டதால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். இதேபோல் ஏமாந்தவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் அழித்துவிடாமல், அந்தக் கெடு முடிவதற்குள் புகார் கொடுத்துவிடுங்கள்.