வயசானவங்களுக்கு ஃபேமிலி டாக்டர்கிட்ட சூதாட்ட ஸ்க்ரீனிங் – கேட்டாவது பண்ணிக்கங்க

அப்பா வழக்கமா போற கிளினிக்ல பிரஷர், சுகர் பாக்குறப்பவே சூதாட்டப் பழக்கம் இருக்கான்னும் இப்ப கேக்குறாங்க, அதுக்குத்தான் இந்த ரிவ்யூ. 5க்கு 4 ஸ்டார்.

முதல்ல ரெண்டே கேள்விதான், லை/பெட்னு பேரு, 1997லயே வந்தது. பந்தயப் பணத்தை கூட்டிக்கிட்டே போகணும்னு எப்பவாவது தோணுச்சா, எவ்ளோ ஆடுறீங்கன்னு வேண்டப்பட்டவங்ககிட்ட பொய் சொல்ல வேண்டி வந்துச்சா. ஒண்ணுக்கு ஆமான்னாலே அடுத்து பிரச்சனை எவ்ளோ தீவிரம்னு அளக்க பிஜிஎஸ்ஐன்னு 9 கேள்வி, மொத்தம் 27 மார்க், 8 வந்தாலே பிரச்சனை பெருசுன்னு எடுத்துக்குறாங்க.

எனக்கு ரொம்ப பிடிச்சது டாக்டர் மாத்திரை லிஸ்ட்டை வாங்கிப் பாத்ததுதான். பார்கின்சனுக்கும், ராத்திரில காலை ஆட்டிக்கிட்டே இருக்கணும்போல இருக்குற பிரச்சனைக்கும் குடுக்குற பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் எல்லாம் மூளையில ஆசையத் தூண்டுற டோபமைன்ங்கிற ரசாயனம் மாதிரி வேலை செய்றதால சிலருக்கு அடக்கவே முடியாத சூதாட்ட ஆசையக் கிளப்பி விட்டுடும், அதுவரைக்கும் சீட்டையே தொடாதவங்களுக்குக்கூட வரலாம், இது தெரியாம வீட்ல எல்லாரும் இந்த வயசுல புத்தி கெட்டுப்போச்சுன்னு திட்டுவாங்க பாருங்க, அது ரொம்ப கொடுமை. டோஸை குறைச்சாலோ மருந்தை மாத்தினாலோ பலருக்கு அடங்கிடும், ஆனா டாக்டர்தான் பண்ணணும், நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க, அது வேற சிக்கல்ல கொண்டு போய் விடும்.

ஒரு ஸ்டார் குறைச்சதுக்கு காரணம், என்னை பக்கத்துல வச்சுக்கிட்டே கேட்டாங்க. வீட்டுக்காரங்ககிட்ட பொய் சொன்னீங்களான்னு பிள்ளை முன்னாடி கேட்டா எந்த அப்பா ஆமாம்பாரு? நானே எந்திரிச்சு வெளில போயிட்டேன்.

இன்னொண்ணு, அந்த 9 கேள்வில கடன் வாங்கினீங்களா, எதையாவது வித்தீங்களான்னு வருது. ரிட்டயர் ஆனவங்க பலபேருக்கு கடனே வாங்க வேண்டியதில்ல, சேமிப்புல இருந்து சத்தமில்லாம எடுத்துட்டே இருப்பாங்க, கரைஞ்சா திரும்ப சம்பாதிக்கவும் வழி கிடையாது. சேமிப்பு எப்படி இருக்கு, பணம் இல்லாம மாத்திரை வாங்காம விட்டீங்களான்னும் கேக்கணும். துணை போனப்புறம் தனியா இருக்குறவங்களயும் ஞாபக மறதி ஆரம்பிச்சவங்களயும் ஒருதடவை கேட்டு விட்டுடாம ஒவ்வொரு செக்கப்லயும் கேட்டா நல்லது.

கூட்டிட்டுப் போறவங்க எல்லா மாத்திரையும் கையோட எடுத்துட்டுப் போங்க, இந்தக் கேள்விய மட்டும் தனியா வச்சு கேளுங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க.