நடையா, ஆஸ்பிரினா, முள்சீத்தா இலையா? குடல் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு எதைப் பிடித்துக்கொள்வது

கடைசி கீமோ முடிந்து வீட்டுக்கு வந்த வாரம், சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார இடமில்லை. வந்தவர்கள் ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். நாத்தனார் தேக்கா சந்தையிலிருந்து முள்சீத்தா இலை ஒரு கட்டு வாங்கி வந்திருந்தார். அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் வந்த செய்தியின்படி தினம் ஒரு ஆஸ்பிரின் போதும். பெரியம்மா, "அசையாமப் படு, உடம்பு தேறட்டும்" என்றார். மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்தால்தான் தனக்குத் தூக்கம் வரும் என்றார் என் கணவர். மருத்துவர், "நிறைய நடங்க, நல்லாச் சாப்பிடுங்க" என்று ஒரு கையேட்டைக் கொடுத்ததோடு சரி.

அது 2019. எனக்கு வந்தது மூன்றாம் நிலை. பெருங்குடலில் இருந்த கட்டி பக்கத்து நிணநீர்க் கணுக்களுக்கும் போயிருந்தது. கல்லீரல், நுரையீரல் என்று தூரத்து உறுப்புக்குப் போனால் அது நான்காம் நிலை. நான் அதற்கு ஒரு படி முன்னால் நின்றேன். அறுவை, பிறகு கீமோ. அதற்கப்புறம் என்ன செய்தால் நோய் திரும்பாது என்று கேட்டால், அன்று யாரிடமும் அழுத்தமான பதில் இல்லை.

2025-இல் நிலைமை மாறியது. நடை பற்றி ஒன்று, ஆஸ்பிரின் பற்றி இரண்டு என்று ஒரே வருடத்தில் மூன்று பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வெளிவந்தன. மூன்றிலுமே நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அதனால் எங்கள் வீட்டு வரவேற்பறைச் சண்டைக்கு இப்போதுதான் தீர்ப்பு சொல்ல முடிகிறது. நான் மருத்துவர் இல்லை. கணக்குப் பார்க்கத் தெரிந்த நோயாளி, அவ்வளவுதான்.

நடை

கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரும்பாலும் நடந்த 'சேலஞ்ச்' ஆய்வில் 889 பேர் சேர்ந்தார்கள். மூன்றாம் நிலைக்காரர்களும், திரும்ப வரும் ஆபத்து அதிகமுள்ள இரண்டாம் நிலைக்காரர்களும். எல்லாரும் அறுவையும் கீமோவும் முடித்தவர்கள். பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய கையேடு மட்டும் கிடைத்தது. மீதிப் பேருக்குக் கையேட்டோடு மூன்று வருடத்துக்கு ஒரு பயிற்சியாளரும் கிடைத்தார்.

எட்டு வருடம் கழித்து, பயிற்சியாளர் இருந்த பிரிவில் 100-க்கு 90 பேர் உயிரோடு இருந்தார்கள். கையேட்டுப் பிரிவில் 83 பேர். நோய் திரும்பாமல் ஐந்து வருடம் தாண்டியவர்கள் முதல் பிரிவில் 80, இரண்டாவதில் 74. இந்த ஏழும் ஆறும் சின்ன எண்களாகத் தெரியலாம். என் விரல்களை மரத்துப்போக வைத்த ஆக்ஸாலிப்ளாட்டின் மருந்தைக் கீமோவில் சேர்த்ததால் மூன்றாம் நிலைக்காரர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்த பலனும் ஏறக்குறைய இதே அளவுதான். அந்த மருந்துக்கு நான் கொடுத்த விலையை நினைத்தால், நடைக்குக் கொடுப்பது சில்லறை.

அளவும் பயமுறுத்துவதாக இல்லை. ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதற்கு மேல், வாரத்தில் மூன்று நான்கு நாள், 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வேகநடை. பேச முடியும், பாட முடியாது என்ற வேகம். சைக்கிளோ நீச்சலோ பிடித்தால் அதையே செய்யலாம். பக்கவிளைவு என்று பார்த்தால் தசை, மூட்டு வலி: பயிற்சிப் பிரிவில் 100-க்கு 18, 19 பேருக்கு வந்தது, மற்றதில் 11, 12 பேருக்கு.

காகிதத்தில் இப்படி. தெருவில் இறங்கினால் கதை வேறு. கீமோ முடிந்து ஒரு வருடம்வரை என் பாதங்களுக்குத் தரை இருப்பது பாதிதான் தெரியும். ஒருமுறை மேம்பாலத்தில் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமலே நான்கு படி ஏறிவிட்டேன். அன்றோடு செருப்பை விட்டு, கயிறு கட்டும் காலணிக்கு மாறினேன். வெயில் இன்னொரு எதிரி. காலை ஆறரைக்கு, இருட்டு பிரியும் முன்பே இறங்கினால்தான் ஒரு மணி நேரம் தாங்கும். மழை நாளில் கடைத்தொகுதிக்குள்ளேயே சுற்றுவேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கடத்தை எந்தக் கையேடும் எழுதுவதில்லை. குடலில் ஒரு பகுதியை எடுத்தபின் வயிறு முன்னறிவிப்பு கொடுக்காது. ஈசூன் குளத்தைச் சுற்றி நான் நடக்கும் வழியைத் தீர்மானித்தது காட்சியழகு இல்லை, கழிப்பறைகள். ஈசூன் பூங்கா உணவங்காடி நிலையத்துக் கழிப்பறை எத்தனை நிமிட நடையில் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். முந்தின இரவு எண்ணெய் மிதக்கும் ஆட்டுக்கறிக் குழம்போடு பரோட்டா சாப்பிட்டால், மறுநாள் நடை எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தோடு முடியும்.

ஆஸ்பிரின்

அண்ணனைச் சும்மா சொல்லக்கூடாது. இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் கேட்டவர்களே நம் ஊர்க்காரர்கள். சிங்கப்பூர்த் தேசியப் புற்றுநோய் நிலையம் முன்னின்று நடத்திய 'அஸ்கோல்ட்' ஆய்வில் பல நாடுகளைச் சேர்ந்த 1,587 பேருக்கு மூன்று வருடம் தினமும் 200 மில்லிகிராம் ஆஸ்பிரினோ மருந்தில்லாத வெற்று மாத்திரையோ கொடுத்தார்கள். ஐந்து வருடம் நோயின்றி இருந்தவர்கள் ஆஸ்பிரின் பிரிவில் 77 விழுக்காடு, வெற்று மாத்திரைப் பிரிவில் 75-ஐ ஒட்டி. தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம். எல்லாருக்கும் ஆஸ்பிரின் என்ற யோசனை அங்கே படுத்துவிட்டது.

ஆனால் அதே வருடம் செப்டம்பரில் ஸ்வீடன், நார்வே, டென்மார்க், ஃபின்லாந்து நாடுகளிலிருந்து 'அலாஸ்கா' ஆய்வு வந்து ஆட்டத்தைத் திருப்பியது. அவர்கள் எல்லாருக்கும் கொடுக்கவில்லை. கட்டியில், செல் வளர்ச்சியைத் தூண்டும் பிஐ3கே என்ற வழித்தடத்தைச் சேர்ந்த மரபணு மாற்றம் இருந்தவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். சோதித்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த மாற்றம் இருந்தது. தினம் 160 மில்லிகிராம், மூன்று வருடம். அந்த மாற்றங்களில் முக்கியமான வகை இருந்தவர்களில் ஆஸ்பிரின் எடுத்த 100 பேரில் எட்டுப் பேருக்கும் குறைவாகவே நோய் திரும்பியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 14 பேருக்குத் திரும்பியது. பாதிக்குப் பாதி.

ஆக, ஆஸ்பிரினா நடையா என்ற கேள்வியே என் கட்டியின் மரபணு என்ன சொல்கிறது என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. அறுவையில் எடுத்த திசுவை மருத்துவமனை பத்திரப்படுத்தியிருக்கும். சோதித்துப் பார்க்க முடியுமா, இப்போது தொடங்கினால் பலன் உண்டா என்று மருத்துவரிடம் கேட்கலாம். ஆய்வில் அறுவை முடிந்த சில மாதங்களிலேயே மாத்திரையைத் தொடங்கிவிட்டார்கள். என்னைப் போல ஆறு வருடம் தாண்டியவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. கேட்காமல் கடையில் வாங்கிப் போடுவது மட்டும் வேண்டாம். வயிற்றில் ரத்தக்கசிவு ஆஸ்பிரினின் பழைய குணம். வயதானவர்களுக்கும், ஏற்கெனவே ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் அது விளையாட்டில்லை.

ஸ்கேன்

கணவரின் கட்சி. இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஸ்வீடன், டென்மார்க், உருகுவே நாடுகளில் 2,509 பேரை வைத்து நடந்த 'கோலோஃபால்' ஆய்வில், ஒரு பிரிவுக்கு மூன்று வருடத்தில் ஐந்து தடவை ஸ்கேனும், புற்றுநோயின் தடயம் தேடும் சிஇஏ ரத்தப் பரிசோதனையும், இன்னொரு பிரிவுக்கு இரண்டே தடவை. ஐந்து வருடத்தில் இறந்தவர்கள் முதல் பிரிவில் 13 விழுக்காடு, இரண்டாவதில் 14. புள்ளிவிவரப்படி வித்தியாசமே இல்லை. மருத்துவர் கொடுத்த அட்டவணையை நான் ஒருதடவைகூடத் தவறவிடவில்லை. அதற்கு மேல் காசைக் கொட்டி எடுக்கும் ஸ்கேன், முடிவு வரும்வரை வயிற்றைப் பிசையும் பயத்தைத்தான் கூட்டும்.

சாப்பாடு

இங்கே ஆதாரம் ஒரு படி கீழே. பெரும்பாலும் நோயாளிகள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுக் குறித்துப் பின்னால் பார்த்தவை. குலுக்கிப் பிரித்தவை அல்ல. நன்றாகச் சாப்பிடுகிறவர் மற்ற விஷயங்களிலும் கவனமாக இருப்பார் என்பதால் எது எதற்குக் காரணம் என்று பிரிப்பது கஷ்டம். இருந்தாலும் திசை தெளிவு. மூன்றாம் நிலைக்காரர்கள் சுமார் ஆயிரம் பேரை வைத்து 2007-இல் வந்த அமெரிக்க ஆய்வில், இறைச்சி, வெள்ளை மாவு, பொரித்தது, இனிப்பு என்று அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவதும் இறப்பும் இரண்டு மூன்று மடங்கு அதிகமாக இருந்தன. பதப்படுத்திய இறைச்சியை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இலேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. காலை பீஹூனோடு ஹாட்டாக் வைத்துச் சாப்பிடும் பழக்கத்தை நான் அப்படித்தான் விட்டேன்.

ஒரு வேடிக்கையான தகவல். அதே நோயாளிகளைப் பார்த்த இன்னோர் அலசலில், வாரம் இரண்டு கைப்பிடி பாதாம், முந்திரி, வால்நட் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்திருந்தது. நிலக்கடலைக்கு அந்தப் பலன் தெரியவில்லை. திரையரங்கு வாசலில் நம் ஆட்கள் காகிதக் கூம்பில் கட்டிக் கொடுத்த கச்சாங் பூத்தேயில் எனக்கு எப்போதும் பிடித்தது கடலைதான். முந்திரிக்கு மாறியாகிவிட்டது.

முள்சீத்தா இலைக்கு இந்தக் கனம்கூடக் கிடையாது. சோதனைக்குழாயில் செல்களைக் கொன்றது என்பார்கள். மனிதர்களிடம் நோய் திரும்புவதைக் குறைத்ததாகக் காட்டிய நம்பகமான ஆய்வு இல்லை. மாறாக, அதைத் தொடர்ந்து சாப்பிட்டு வந்த கரிபியத் தீவான குவாதலூப்பில் பார்க்கின்சன் மாதிரியான நரம்புக் கோளாறோடு அதைத் தொடர்புபடுத்திய ஆய்வுகள் உண்டு. ஏற்கெனவே நரம்பு அடிபட்ட என் கால்களுக்கு அது தேவையா? இலைக்கட்டு காய்ந்து குப்பைக்குப் போனது. நாத்தனாரிடம் குடித்துவிட்டேன் என்று சொன்னேன்.

நான்காம் நிலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சேலஞ்ச் ஆய்வில் அவர்கள் சேர்க்கப்படவில்லை, அதனால் அந்த எண்களை அப்படியே அவர்களுக்குப் போட முடியாது. ஆனால் அது முடிந்த கதையும் இல்லை. கல்லீரலுக்குப் பரவியதை அறுத்து எடுத்த 612 பேரை நியூயார்க்கில் தொடர்ந்து பார்த்ததில், 102 பேர் பத்து வருடம் தாண்டி இருந்தார்கள் என்று 2007-இல் எழுதினார்கள். அவர்களுக்கும் நடை நல்லதுதான். எவ்வளவு என்பதை மருத்துவரும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

யார் நடக்க வைப்பது

என் கணக்கில் உண்மையான போட்டி நடைக்கும் ஆஸ்பிரினுக்கும் இடையில் இல்லை. சேலஞ்ச் ஆய்வில் தோற்ற பிரிவினருக்கும் நடக்கச் சொல்லிக் கையேடு கொடுத்திருந்தார்கள், பாருங்கள். 2019-இல் எனக்குக் கிடைத்ததும் அதுதான். ஜெயித்தவர்களிடம் கூடுதலாக இருந்தது, "இந்த வாரம் நடந்தீர்களா?" என்று கேட்க ஒரு ஆள். முதல் ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேரில், பிறகு நேரிலோ தொலைபேசியிலோ, கடைசி இரண்டு வருடம் மாதம் ஒருமுறை.

சிங்கப்பூரில் அந்த ஆளை எங்கே பிடிப்பது? மருத்துவமனை உடற்பயிற்சிச் சிகிச்சையாளர்தான் தொடக்கத்துக்குச் சிறந்தவர். மரத்துப்போன பாதம், வயிற்றுத் தையல், குடலிறக்க ஆபத்து எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் சில சந்திப்புகளில் கணக்கு முடிந்துவிடும். சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கத்துக்கு ஜூரோங் ஈஸ்ட் ஜெம் கட்டடத்தில் மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. அங்கே வருபவர்கள் எல்லாம் நம்மைப் போன்றவர்கள் என்பதால் கழிப்பறைக்கு ஓடினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மேற்கே இருப்பவர்களுக்குத் தோது. ஈசூனிலிருந்து ரயில் நேராகப் போகும், ஆனால் பாதி வடக்குத் தெற்குப் பாதையையும் சுற்றிவிட்டுத்தான் போகும். 'ஹெல்தி 365' செயலி காலடிகளை எண்ணும், பரிசுப் புள்ளியும் தரும். குறை ஒன்றுதான், நான் படுத்தே கிடந்தாலும் அதற்குக் கோபம் வராது.

எனக்கு வாய்த்தது மூன்றாவது மாடி மக்சிக், ஒரு மலாய் அம்மா. சர்க்கரை நோய்க்காக நடப்பவர். என் நோயைப் பற்றி அவர் கேட்டதே இல்லை. காலை ஆறரைக்கு மின்தூக்கி அருகே நிற்பார், ஐந்து நிமிடம் தாண்டினால் கைப்பேசி அடிக்கும். முதல் ஆறு மாதத்துக்குச் சிகிச்சையாளர், அதற்குப் பிறகு இப்படி ஒருவர்: என் ஓட்டு இந்தக் கூட்டணிக்கு.

போன நோன்புப் பெருநாளுக்கு அவர் ஜொகூர் போன பத்து நாளில் நான் இறங்கியது இரண்டே நாள். திரும்பி வந்ததும் மின்தூக்கியில் வைத்தே, "பெராப்பா ஹாரி?" என்றார். எத்தனை நாள் நடந்தாய் என்று கணக்குக் கேட்கிறார். "லீமா" என்று ஐந்து விரலையும் காட்டினேன். நம்பவில்லை.