மூன்று குட்டிப் பெரணிகள், மூன்று விதத் தாகம்

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் நல்லது. தொட்டிப் பெரணிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. வீட்டுக்குள் வைத்த பெரணி வெளிச்சக் குறைவால் சாவதைவிட, ஒரே ஒரு தடவை வேர்வரை காய்ந்து சாவதுதான் அதிகம். அதனால் மேசைமேல் அடங்கும் வெப்பமண்டலப் பெரணி ஒன்று வேண்டுமென்றால், இலையின் அழகுக்கு முன் அது காய்ச்சலை எப்படித் தாங்குகிறது என்று பாருங்கள். இதய இலைப் பெரணி, மெய்டன்ஹேர், லெமன் பட்டன் ஆகிய மூன்றும் பிரிவது அந்த இடத்தில்தான்.

இதய இலைப் பெரணியின் அறிவியல் பெயர் ஹெமியோனைடிஸ் அரிஃபோலியா. தெற்கு, தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது. உயரம் 15 முதல் 20 செ.மீ. கறுத்த, ரோமம் படர்ந்த காம்பின் நுனியில் தோல் போலத் தடித்த இதய வடிவ இலை. மெய்டன்ஹேர் என்று தொட்டியில் விற்பது பெரும்பாலும் வெப்பமண்டல அமெரிக்காவின் அடியாண்டம் ராடியானம். கம்பி மாதிரிப் பளபளக்கும் கறுப்புக் காம்பில் விசிறி போன்ற சிற்றிலைகள். தண்ணீர் பட்டால் ஒட்டாமல் உருண்டுவிடும். ‘நனையாதது’ என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் அடியாண்டம் என்ற பெயரே வந்தது. லெமன் பட்டன், நெஃப்ரோலெபிஸ் கார்டிஃபோலியாவின் ‘டஃப்ஃபி’ என்ற ரகம். குறுகலான இலைத்தண்டின் இருபக்கமும் பட்டன் கோத்தது போல வட்டச் சிற்றிலைகள். சுமார் 30 செ.மீ. வளரும்.

மூன்றையும் ஒரு நாள் தண்ணீர் ஊற்றாமல் மறந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். லெமன் பட்டன் லேசாக வெளிறும், அவ்வளவுதான். நாலைந்து நாள் நீண்டால் சிற்றிலைகள் பொலபொலவென்று உதிரும், ஆனால் செடி பிழைக்கும். இதய இலையின் விளிம்பு உள்பக்கமாகச் சுருளும். அந்தக் கட்டத்திலேயே தண்ணீர் கொடுத்தால் விரிந்துவிடும். மெய்டன்ஹேரின் இலை மிக மெல்லியது, ஈரத்தைச் சேமித்து வைக்க அதில் இடமே இல்லை. மொறுமொறுவென்று காய்ந்துபோன இலை, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் திரும்பாது.

ஆனால் அதற்காக மெய்டன்ஹேரைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. இலை போனாலும் மண்ணுக்குள் வேர்த்தண்டு உயிரோடு இருக்கலாம். காய்ந்த காம்புகளை மண்ணிலிருந்து 2 செ.மீ. விட்டு மொத்தமாக வெட்டுங்கள். தொட்டியை அரை மணி நேரம் தண்ணீரில் அமிழ்த்தி, எடுத்து நன்றாக வடியவிடுங்கள். மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கவிழ்த்து, வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். வேர்த்தண்டு சாகாமல் இருந்தால் சில வாரங்களில் நடுவிலிருந்து சுருள் தளிர்கள் எழும்பும்.

தண்ணீர் விடும் பதமும் மூன்றுக்கும் வேறு. மெய்டன்ஹேரின் மேல்மண் எப்போதும் விரலில் ஈரம் ஒட்டும் நிலையில் இருக்க வேண்டும். இதய இலைக்கு மேல் 1 செ.மீ., லெமன் பட்டனுக்கு 2 செ.மீ. காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். விரல் வைப்பதைவிடத் தொட்டியைக் கையில் தூக்கிப் பார்ப்பது நம்பகமானது; நன்றாக நனைந்த தொட்டியின் கனம் ஒருமுறை கைக்குப் பழகிவிட்டால் போதும். தட்டில் தண்ணீர் தேங்கவிட்டால் மூன்றுமே அழுகும். அதிலும் இதய இலையின் குருத்தை மண்ணுக்குள் புதைத்து நட்டுவிட்டால் அழுகல் அங்கிருந்தே தொடங்கும்.

மண் கலவை மூன்றுக்கும் ஒன்றே: தேங்காய் நார்க்கழிவு 2 பங்கு, இலைமக்கு 1 பங்கு, பெர்லைட் (வெள்ளைக் குருணை போன்ற லேசான எரிமலைக்கல்) 1 பங்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். அதில் உப்பு இருக்கும், பெரணி வேருக்கு உப்பு ஆகாது. இலை நுனி பழுப்பாவதற்குக் காற்றின் வறட்சியை மட்டும் குறை சொல்கிறார்கள். உப்புத் தண்ணீரும் அளவு மீறிய உரமும் அதே அடையாளத்தைத்தான் காட்டும். மழைநீரோ வடிகட்டிய நீரோ கிடைத்தால் முதலில் இதய இலைக்குக் கொடுங்கள், அது அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்பும் செடி. திரவ உரம் பாக்கெட்டில் சொன்ன அளவில் கால்பங்கு, வளரும் காலத்தில் மாதம் ஒருமுறை. 4 அங்குலத் தொட்டி போதும். மெய்டன்ஹேருக்கு மண்தொட்டி வேண்டாம். அது பக்கவாட்டிலும் ஈரத்தை இழக்கும்.

காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மெய்டன்ஹேர் நிம்மதியாக இருக்கும். இலைமேல் தண்ணீர் தெளிப்பது சில நிமிடங்களுக்கு மேல் பலன் தராது. அதை நம்பி வேருக்குத் தண்ணீரைக் குறைப்பதுதான் பெரிய தவறு. கண்ணாடிக் குடுவைத் தோட்டத்துக்கு இதய இலையைத்தான் சொல்வேன். மெதுவாக வளரும், இடத்தை அடைக்காது. லெமன் பட்டன் மெல்லிய ஓடுதண்டுகளை விட்டுச் சில மாதங்களில் குடுவையை நிரப்பிவிடும். அந்த ஓடுதண்டே தொட்டியில் வரம்: பக்கத்துத் தொட்டி மண்ணில் கொண்டைஊசியால் பிடித்து வைத்தால் புதுச் செடி கிடைக்கும். பெரணிக்கு விதை கிடையாது, வித்துத்தூள் என்ற நுண்துகளால்தான் பரவும். டஃப்ஃபி அந்த வித்துத்தூள் விடாத மலட்டு ரகம் என்பதால் பெருக்க இதுவும் பிரித்து நடுவதும்தான் வழி.

இலையின் அடியில் பழுப்பு நிறம் கண்டதும் பூச்சி என்று பயந்து எண்ணெய் அடிப்பவர்கள் உண்டு. புரட்டிப் பாருங்கள். இதய இலைச் செடியில் சில இலைகள் மட்டும் நீண்ட காம்போடு உயர்ந்து, அம்புமுனை போல மாறும். அடியில் நரம்புகளை ஒட்டிப் பழுப்பு வலை படியும். அது வித்துத்தூள். மெய்டன்ஹேரில் சிற்றிலையின் ஓரம் மடிந்து, அந்த மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். செதில்பூச்சியோ காம்பிலும் இலையிலும் ஒழுங்கில்லாமல் சிதறி இருக்கும், நகத்தால் நெம்பினால் முழுதாகப் பெயரும், சுற்றிலும் பிசுபிசுக்கும். அதை ஈரப் பஞ்சால் ஒவ்வொன்றாக எடுங்கள். வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் பெரணி இலையைக் கருக்கிவிடக்கூடும், மெய்டன்ஹேரில் முயலவே வேண்டாம்.

முதல் பெரணி வாங்குபவருக்கு லெமன் பட்டன். வெளிச்சம் வரும், வெயில் நேராக விழாத ஜன்னலோரம் போதும். தினமும் செடியைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் ஏற்கெனவே இருந்தால் மட்டும் மெய்டன்ஹேர். வாங்கும்போது இலையின் அடர்த்தியைப் பார்க்காமல், தழையை விலக்கி நடுவைப் பாருங்கள். சுருண்ட இளந்தளிர் இரண்டு மூன்றாவது தெரியாத தொட்டியை வாங்காதீர்கள்.