ஹாகியா சோபியா பயணம்: வழிகாட்டிக்கு முழு மதிப்பெண், ஏஜெண்டுக்குப் பாதிதான்

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு பயண ஏஜெண்டிடம் பதிவு செய்த எட்டு நாள் துருக்கிப் பயணம். "நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்துத்தான்" என்றார்கள். இஸ்தான்புல்லில் போய் நின்றால், ஹாகியா சோபியாவுக்குத் தலைக்கு 25 யூரோ நாங்களே கட்ட வேண்டுமாம். அம்மாவுக்கு வந்ததே கோபம்!

ஆனால் வழிகாட்டி அருமை. 537இல் பேரரசர் ஜஸ்டினியன் கட்டி முடித்த தேவாலயம், 1453இல் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் நகரைப் பிடித்ததும் பள்ளிவாசலானது, 1935இல் அருங்காட்சியகம், 2020இல் மறுபடியும் பள்ளிவாசல் என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டார்.

சுற்றுலாப் பயணிகளுக்கு மேல்மாடம் மட்டும்தான். ஏறுவதற்குள் அம்மாவுக்கு முட்டிவலி. மேலே பொன்னிறச் சில்லுகளில் இயேசுவின் முகம்; அந்த ஓவியத்தின் கீழ்ப்பகுதி உதிர்ந்துவிட்டது. திரும்பினால் எதிரே, பிரம்மாண்டமான வட்டப் பலகைகளில் அரபு எழுத்து. அம்மா முட்டியை மறந்து அரை மணி நேரம் நின்றார்.

கட்டணத்தை மட்டும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.